எடுக்கும் படியும் கொடுக்கும் படியும்

எல்லாம் வல்ல அல்லாஹ்வைப் புகழ்ந்து, அவனுடைய திருத்தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்துச் சொல்லி ஆரம்பிக்கிறோம்.

அன்பார்ந்த வணிகப் பெருமக்களே! நம்மில் பெரும்பாலோர் தராசுக்குப் பின்னால் நின்று பிழைப்பைத் தொடங்கியவர்கள். அல்லது, அப்படித் தொடங்கியவர்களின் பிள்ளைகள். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்கில் வந்திறங்கிய பாட்டன்மாரின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள். அவர்கள் கையாண்ட படியும் படிக்கல்லும் இன்று நம் கடைகளில் இல்லை. மின்சாரத் தராசு வந்து விட்டது. ஆனால் தராசு மாறினாலும் தராசைப் பற்றி அல்லாஹ் சொன்ன சொல் மாறவில்லை. இம்மாதம் அந்தச் சொல்லைப் பற்றியே நாம் சிந்திக்க இருக்கிறோம்.

திருக்குர்ஆனின் 83-ஆம் அத்தியாயத்துக்கு அல்முதஃப்ஃபிஃபீன் என்று பெயர். அளவில் மோசம் செய்பவர்கள் என்பது அதன் பொருள். அவர்களுக்குக் கேடுதான் என்ற எச்சரிக்கையோடு அந்த அத்தியாயம் தொடங்குகிறது. யார் அவர்கள்? குறைத்து அளப்பவர்கள் என்று ஒரே சொல்லில் அல்லாஹ் முடித்து விடவில்லை. பிறரிடமிருந்து வாங்கும்போது நிறைய அளந்து வாங்கிக் கொள்கிறவர்கள். பிறருக்குக் கொடுக்கும்போது மட்டும் குறைத்து விடுகிறவர்கள் என்று, இரண்டு பக்கத்தையும் சேர்த்தே சொல்லிக் காட்டுகிறான்.

ஊன்றிக் கவனியுங்கள். இப்படிப்பட்டவனுக்கு நிறைந்த அளவு இன்னதென்று தெரியாதா? நன்றாகத் தெரியும். தான் வாங்கும்போது ஒரு பிடி குறைந்தாலும் சண்டைக்கு நிற்கிறானே! குறைந்தால் வயிறெரியும் என்பதும் அவனுக்குத் தெரியும். தன் வயிறு எரிவதைப் போலவே பிறர் வயிறும் எரியும் என்ற ஒன்றுதான் அவன் நெஞ்சில் ஏறவில்லை. ஆகவே, அவன் செய்த குற்றம் அளவு தெரியாத குற்றம் அன்று. எடுக்க ஒரு படி, கொடுக்க ஒரு படி என்று இரண்டு படி வைத்திருந்த குற்றம்.

பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அவ்வூரார் அளவையில் மிக மோசமானவர்களாக இருந்தார்கள் என்றும், இந்த வசனங்கள் இறங்கிய பின் அளவையைச் செம்மையாக்கிக் கொண்டார்கள் என்றும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஓர் ஊரின் கடைத்தெருவே திருந்தியது என்றால், நம் கடையும் திருந்தும் என்ற நம்பிக்கை நமக்கு வேண்டாமா?

இது அரிசி பருப்போடு முடிகிற காரியம் என்று யாரும் எண்ணி விட வேண்டாம். மரியாதைக்கும் படி உண்டு. கூலிக்கும் படி உண்டு. ஓய்வுக்கும் விடுப்புக்கும் மன்னிப்புக்கும் படி உண்டு. நமக்கு வரவேண்டிய பாக்கி ஒரு நாள் தாமதித்தால் மூன்று முறை ஆள் அனுப்புகிறோம். நாம் கொடுக்க வேண்டிய சம்பளம் பத்து நாள் தாமதித்தால், “எங்கே ஓடிப் போகிறது?” என்று கேட்கிறோம். நம் பிள்ளை ஒரு கண்ணாடிக் குவளையை உடைத்தால் கைதவறி விட்டது என்கிறோம். கடைப் பையன் உடைத்தால் கண் எங்கே போயிற்று என்கிறோம். இவையெல்லாம் இரண்டு படி அல்லாமல் வேறென்ன?

மறுபக்கத்தில் நிறுத்துதல்

இப்படிப்பட்டவனைத் திருத்துவது எப்படி? திட்டலாம். திட்டினால் அவன் தன் குற்றத்தை மறந்து விட்டு, திட்டியவனின் குற்றத்தைத் தேடத் தொடங்குவான். அடிக்கலாம். அடித்தால் வலி தெரியும். ஆனால் அது அவனுடைய வலியாக மட்டுமே தெரியும். குற்றம் செய்தவனைத் தராசின் மறுபக்கத்துக்கு அழைத்து வந்து நிறுத்தி, அங்கிருந்து தன் செய்கையைப் பார்க்கச் செய்வதுதான் சிறந்த வழி. நமது மார்க்கம் இந்த வழியைப் பல இடங்களில் நமக்குக் காட்டித் தருகிறது.

ஒரு வாலிபர் பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்து, விபசாரம் செய்ய எனக்கு அனுமதி தாருங்கள் என்று கேட்ட செய்தியை அபூ உமாமா (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் அஹ்மது அவர்கள் தமது முஸ்னதில் பதிவு செய்திருக்கிறார்கள். கூடியிருந்தோர் அந்த வாலிபரை அதட்டினார்கள். நாயகம் (ஸல்) அவர்களோ அவரை அருகே அழைத்து உட்கார வைத்தார்கள். இதை உன் தாய்க்கு விரும்புவாயா என்று கேட்டார்கள். மாட்டேன் என்றார். உன் மகளுக்கு? உன் சகோதரிக்கு? உன் தந்தையின் சகோதரிக்கு? உன் தாயின் சகோதரிக்கு? ஒவ்வொன்றுக்கும் மாட்டேன் என்றே அவர் விடை கூறினார். அவ்வாறே பிறரும் தம் வீட்டுப் பெண்களுக்கு இதை விரும்ப மாட்டார்கள் என்று எடுத்துச் சொல்லி, அவர் மீது கை வைத்து, அவருடைய பாவம் மன்னிக்கப்படவும், உள்ளம் தூய்மையாகவும், கற்புக் காக்கப்படவும் துஆச் செய்தார்கள். அதன் பின் அவர் மனம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஒரு சுடுசொல் இல்லை. ஒரு பிரம்படி இல்லை. ஐந்து கேள்விகளில் அந்த வாலிபர் மறுபக்கத்தில் போய் நின்று விட்டார். தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்பும் வரை ஒருவருடைய ஈமான் முழுமை பெறாது என்று அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக நமக்குக் கிடைத்திருக்கும் நபிமொழி இந்த ஒற்றைப் படியைத்தான் நம் கையில் கொடுக்கிறது. பிறர் பொருளையும் தம் பொருள் போலப் பேணுவதே வாணிகம் என்னும் கருத்தைத் திருவள்ளுவரும் நடுவு நிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் வணிகர்களுக்கென்றே சொல்லி வைத்திருப்பது நாம் அறிந்ததே.

இனி அபூதர் (ரலி) அவர்களைப் பாருங்கள். ஒரு சமயம் அவர்கள் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழித்துப் பேசி விட்டார்கள். அறியாமைக் காலத்துக் குணம் இன்னும் உம்மிடம் இருக்கிறதே என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். உங்கள் கைக்குக் கீழே இருப்பவர்கள் உங்கள் சகோதரர்கள். நீங்கள் உண்பதையே அவர்களுக்கும் உண்ணக் கொடுங்கள். நீங்கள் உடுத்துவதையே அவர்களுக்கும் உடுத்தக் கொடுங்கள். தாங்க முடியாத வேலையைச் சுமத்தாதீர்கள். சுமத்தினால் நீங்களும் கூட நின்று உதவுங்கள் என்று போதித்தார்கள். பல காலத்துக்குப் பின் றபதா என்ற இடத்தில் அபூதர் (ரலி) அவர்களைச் சந்தித்த ஒருவர், எஜமானும் அடிமையும் ஒரே மாதிரி ஆடை அணிந்திருப்பதைக் கண்டு வியந்து காரணம் கேட்டார். அப்போது அவர்கள் சொன்ன வரலாறுதான் இது. புகாரீ ஷரீபில் இருக்கிறது.

கேட்ட அன்று தலையாட்டி விட்டுப் போவது எளிது. அந்த ஒரு வாய்ச்சொல்லின் தவறை அபூதர் (ரலி) அவர்கள் தம் உடம்பில் உடுத்திக் கொண்டே வாழ்ந்தார்கள். அதுவே திருந்துதல்.

யூசுப் நபியின் படி

சில தவறுகளுக்குக் கேள்வி போதாது. காலமே ஆசிரியராக வந்து பாடம் நடத்த வேண்டியிருக்கும். நபி யூசுப் (அலை) அவர்களின் வரலாறு இதற்குச் சான்று. திருக்குர்ஆனின் 12-ஆம் அத்தியாயத்தில் வரும் அந்த வரலாற்றை நாம் பல தடவை கேட்டிருக்கிறோம். இன்று வியாபாரிகளின் கண்ணோடு மீண்டும் ஒரு முறை பார்ப்போம்.

சகோதரர்கள் ஒன்றுகூடித் தம் தம்பியைக் கிணற்றில் போட்டார்கள். பொய் இரத்தம் தோய்ந்த சட்டையோடு தந்தையிடம் போய், ஓநாய் தின்று விட்டது என்று அழுதார்கள். வழிப்போக்கர் கூட்டம் அந்தப் பிள்ளையை எடுத்துச் சென்றது; சொற்பக் காசுகளுக்கு அவர் விலையானார். ஆண்டுகள் உருண்டன. பஞ்சம் வந்தது. அதே சகோதரர்கள் தானியம் வாங்க மிஸ்ருக்கு வந்து, தானியக் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் முன் நின்றார்கள். அவர் இவர்களை அறிந்து கொண்டார். இவர்கள் அவரை அறியவில்லை.

கையில் படியை வைத்திருப்பவர் யூசுப் (அலை) அவர்கள். வயிற்றில் பசியோடு நிற்பவர்கள் கிணற்றில் தள்ளியவர்கள். நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? அவர்களோ, நான் அளவை நிறைத்துக் கொடுப்பதை நீங்கள் காணவில்லையா என்றார்கள். அவ்வாறே நிறைத்துக் கொடுத்தார்கள். சகோதரர்கள் கொண்டு வந்த கிரயத்தையும் அவர்கள் அறியாமல் மூட்டைக்குள்ளேயே திருப்பி வைக்கச் செய்தார்கள்.

மறுமுறை இளைய தம்பியோடு அவர்கள் வந்தபோது, அரசருடைய அளவைப் பாத்திரம் அந்தத் தம்பியின் மூட்டையில் அகப்பட்டது. தம்பி பிடிபட்டார். இப்போது அண்ணன்மார்கள் என்ன சொன்னார்கள்? இவருக்கு மிகவும் வயோதிகரான தந்தை இருக்கிறார். இவருக்குப் பதிலாக எங்களில் ஒருவரைப் பிடித்துக் கொள்ளுங்கள் என்று மன்றாடினார்கள். ஒரு காலத்தில் அதே தந்தையின் ஒரு பிள்ளையைக் கிணற்றில் விட்டு வந்தபோது இந்த வயோதிகத் தந்தை அவர்கள் நினைவுக்கு வரவில்லை. இன்று வருகிறார்.

பின்பு அவர்கள் வெறுங்கையோடு ஊர் திரும்பித் தந்தையிடம் செய்தி சொல்ல வேண்டியிருந்தது. மூத்தவருக்கோ தந்தையின் முகத்தில் விழிக்கத் துணிவில்லை. யூசுபின் விஷயத்தில் முன்பு செய்ததை நினைவூட்டி, நான் இந்த நாட்டை விட்டு வரமாட்டேன் என்று தங்கி விட்டார். இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். முதல் தடவை அவர்கள் சொன்னது பொய். கையில் அத்தாட்சியாகச் சட்டை இருந்தது. இந்தத் தடவை சொன்னது, கண்ணால் கண்டபடி சொன்ன செய்தி, நம்புவார் இல்லை. இரண்டு தடவையும் யஃகூப் (அலை) அவர்கள் சொன்ன விடை ஒன்றே: உங்கள் மனம் ஏதோ ஒன்றை உங்களுக்கு அழகாக்கிக் காட்டி விட்டது, அழகிய பொறுமையே எனக்கு உரியது என்றார்கள். பிள்ளையை இழந்த தந்தையின் முகம் எப்படி இருக்கும் என்பதை முதல் தடவை அவர்கள் பார்த்தும் பார்க்கவில்லை. இரண்டாம் தடவை முழுவதுமாகப் பார்த்தார்கள்.

மூன்றாம் முறை வரும்போது அவர்கள் கையில் இருந்தது அற்பச் சரக்கு. எங்களையும் எங்கள் குடும்பத்தாரையும் வறுமை பிடித்துக் கொண்டது. எங்களுக்கு நிறைய அளந்து கொடுங்கள். தருமமும் செய்யுங்கள் என்று கெஞ்சினார்கள். தம்பிக்குக் குறைத்து அளந்தவர்கள், தம்பியிடமே நிறைந்த படி கேட்டு நின்றார்கள். நீங்கள் அறியாதவர்களாக இருந்தபோது யூசுபுக்கும் அவருடைய சகோதரருக்கும் என்ன செய்தீர்கள் என்பது தெரியுமா என்று அப்போதுதான் யூசுப் (அலை) அவர்கள் கேட்டார்கள். குற்றத்தை ஒப்புக் கொண்டவர்களிடம், இன்று உங்கள் மீது எந்தப் பழியும் இல்லை என்று மன்னித்தும் விட்டார்கள். ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு மக்கா வெற்றியின்போது, தம்மை ஊரை விட்டு விரட்டியவர்களை மன்னிக்கையில் பெருமானார் (ஸல்) அவர்கள் யூசுப் நபியின் இந்தச் சொல்லையே எடுத்துச் சொன்னதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

நாம் கேட்ட ஒரு சரிதை

இனி நம்மிடையே நடந்த ஒன்றைச் சொல்கிறோம். நம்மோடு ஒரே ஸஃப்பில் நின்று தொழுகிறவர், மலேசியாவில் உணவுக்கடை நடத்தும் ஒரு பெரியவர், நம்மிடம் தாமாகவே சொன்னது. பெயர் வேண்டாம், மற்றவர்களுக்குப் படிப்பினையாக இருக்கட்டும் என்றார்.

அவர் சிறு வயதில் சிதம்பரம் கப்பலில் வந்தவர். அஞ்சடியில் பாய் விரித்துப் படுத்தவர். பின்னாளில் கடை அவருடையதாயிற்று. இராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆட்களை வரவழைத்தார். சாப்பாட்டுக்குக் குறை வைத்ததில்லை. சம்பளம் தவறியதில்லை. ஆனால் எல்லாருடைய பாஸ்போர்ட்டும் அவருடைய இரும்புப் பெட்டியில் இருந்தது. “பத்திரத்துக்காகத்தான்” என்பார். தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்திருப்பது மலேசியாவின் 1966-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படிக் குற்றம். அது அவருக்குத் தெரியாததன்று. எல்லாரும் செய்கிறார்களே என்பதே அவருடைய சமாதானமாக இருந்தது.

2017-ஆம் ஆண்டு ரமலானில் சமையல்கட்டுப் பையன் ஒருவன், ஊரில் தாயாருக்கு உடம்பு மோசமாகி விட்டது என்று வந்து நின்றான். “பெருநாள் முடியட்டும் தம்பி. இந்த நேரத்தில் நீ போய் விட்டால் அடுப்படியை யார் பார்ப்பது?” என்றார் முதலாளி. “சரி முதலாளி” என்று போய் விட்டான். ஐந்தாம் நாள் தாயார் மௌத்தாகி விட்டார். ஜனாஸாவைப் பையன் கைத்தொலைபேசியில் பார்த்தான். முதலாளி அவனுக்கு இரண்டு நாள் ஓய்வும் 500 வெள்ளியும் கொடுத்தார். “நல்லபடியாகத்தான் நடந்து கொண்டோம் என்று அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்” என்று நம்மிடம் சொன்னார்.

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18-ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. அதே மாதத்தில் இந்தியாவுக்கான பயணிகள் விமானங்களும் நின்றன. ஏப்ரலில் ஊரில் பெரியவருடைய உம்மா மௌத்தானார்கள். பாஸ்போர்ட் அவர் கையில்தான் இருந்தது. டிக்கெட்டுக்குக் காசும் இருந்தது. போக வழி இல்லை. நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்திருந்த கடையில், கல்லாவுக்குப் பின்னால் அமர்ந்து அவரும் ஜனாஸாவைத் தொலைபேசியில்தான் பார்த்தார். கை நடுங்கிற்று, படம் ஆடிற்று. அப்போது பின்னாலிருந்து ஒரு கை வந்து தொலைபேசியை ஆடாமல் பிடித்துக் கொண்டது. திரும்பிப் பார்த்தார். அந்தச் சமையல்கட்டுப் பையன்.

கபுறில் மண் தள்ளி முடிகிற வரையில் அவன் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒரு குவளை தேநீர் கொண்டு வந்து வைத்தான். “உன் தாயாருக்கு நான் உன்னைப் போக விடவில்லையே தம்பி” என்றார் பெரியவர். “அன்னைக்கு நீங்க தெரியாமத்தான் செஞ்சீங்க முதலாளி” என்றான் அவன்.

அவன் எழுத்து வாசனை அதிகம் இல்லாதவன். யூசுப் நபியின் சொல்லை எண்ணி அவன் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான். ஆனாலும் அது அந்தச் சொல்லாகவே வந்து விழுந்தது. அன்று மாலையே பெரியவர் இரும்புப் பெட்டியைத் திறந்து ஒவ்வொருவரையும் கூப்பிட்டு அவரவர் பாஸ்போர்ட்டை அவரவர் கையில் கொடுத்தார். ஆகாய வழி திறந்ததும் முதல் டிக்கெட் அந்தப் பையனுக்கு, தாயின் கபுறுக்குப் போய் ஸியாரத்துச் செய்து வர. பெரியவர் அவனுக்குப் பிந்தித்தான் போனார்.

சகோதரர்களே, அந்தப் பெரியவருக்கு வந்தது தண்டனை என்று நாம் சொல்ல வரவில்லை. அந்த ஆண்டு உலகெங்கும் எத்தனையோ நல்லவர்கள் தம் பெற்றோரின் ஜனாஸாவுக்குப் போக முடியாமல் தவித்தார்கள். யாருக்கு எது ஏன் வருகிறது என்பது அல்லாஹ் ஒருவனே அறிந்தது. வந்ததை அவர் என்ன செய்தார் என்பதுதான் நமக்குப் பாடம். தம் துக்கத்துக்குள்ளேயே அடைந்து கிடக்காமல், அதே துக்கத்தை முன்பு பட்டவன் ஒருவன் பக்கத்தில் நிற்கிறானே என்று கண்டு கொண்டார். இரண்டு படி ஒரு படியாயிற்று.

நாம் யாருக்குப் பாடம் நடத்தலாம்?

இதைக் கேட்ட சிலருக்கு ஒரு யோசனை தோன்றலாம். “அப்படியானால் தப்புச் செய்தவனுக்கு அதையே செய்து காட்டினால் புத்தி வரும் அல்லவா?” என்று. கல்லாவில் கை வைத்த பையனின் சம்பளத்தை மூன்று மாதம் நிறுத்தி, பறிகொடுப்பது எப்படி இருக்கிறதென்று தெரியட்டும் என்று சொல்லும் முதலாளிகளும் இருக்கிறார்கள். பொறுங்கள். தண்டிப்பதானால் உங்களுக்குச் செய்யப்பட்ட அளவுக்கு மட்டுமே என்று எல்லை கட்டியது நம் வேதம். பொறுத்துக் கொண்டால் அதுவே சிறந்தது என்றும் சொன்னது. அந்த அளவையும் கோபம் கொண்டவன் கையில் விடாமல் காஜியின் தீர்ப்புக்கு விட்டது நம் ஷரீஅத். கோபத்தில் இருப்பவன் கையில் படி நிலையாக நிற்காது.

யூசுப் (அலை) அவர்களை மறுபடியும் பாருங்கள். அவர்கள் யாரையும் கிணற்றில் தள்ளவில்லை. பாடம் நடந்த காலம் முழுவதும் தானியத்தை நிறுத்தவில்லை. தம்மையே திருடன் என்று அவர்கள் இழித்துப் பேசியபோதும் மனத்துக்குள் அடக்கிக் கொண்டார்கள். அந்த ஏற்பாட்டைக்கூட, யூசுபுக்காக நாமே செய்தோம் என்று அல்லாஹ் தன் பொறுப்பில் சொல்லிக் கொள்கிறான். நமக்கு அப்படி வஹீ வருவதில்லை. ஆகவே பிறருக்குக் குழி வெட்டிப் பாடம் நடத்தும் உரிமையும் நமக்கில்லை. ஐந்து கேள்வி கேட்கும் உரிமை இருக்கிறது. அதுவும் அருகே உட்கார வைத்து.

அபூ மஸ்ஊத் (ரலி) அவர்கள் தம் அடிமையைச் சாட்டையால் அடித்துக் கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. கோபத்தில் யார் குரலென்று விளங்கவில்லை. திரும்பினால் பெருமானார் (ஸல்) அவர்கள்! இவர் மீது உமக்குள்ள வல்லமையை விட உம் மீது அல்லாஹ்வுக்குள்ள வல்லமை அதிகம் என்பதை அறிந்து கொள்ளும் என்றார்கள். அந்த இடத்திலேயே அடிமை விடுதலையானார். முஸ்லிம் ஷரீபில் உள்ள செய்தி இது. சாட்டையை ஓங்குபவனுக்கும் மேலே ஒருவன் இருக்கிறான் என்று காட்டியதே அங்கு நடந்த பாடம். சாட்டையை வாங்கி அவர்களைத் திருப்பி அடிக்கும் அவசியம் ஏற்படவில்லை.

எனவே மறுபக்கத்தில் முதலில் நிறுத்த வேண்டிய ஆள் நாமேதான். நம் நாயகத்துக்கே அல்லாஹ் அப்படித்தான் போதித்தான். 93-ஆம் அத்தியாயமாகிய ளுஹாவில், உம்மை அனாதையாகக் கண்டு அவன் ஆதரிக்கவில்லையா என்று நினைவூட்டி விட்டு, ஆகவே அனாதையைக் கடிந்து கொள்ளாதீர் என்கிறான். அனாதைகளின் சொத்தைப் பராமரிப்பவர்களிடம், தாங்கள் பலவீனமான பிள்ளைகளை விட்டுச் செல்ல நேர்ந்தால் எப்படி அஞ்சுவார்களோ அப்படி அஞ்சட்டும் என்கிறான். சத்தியத்தை முறித்தவனுக்குப் பரிகாரமாகப் பத்து ஏழைகளுக்கு உணவளிக்கச் சொல்லும்போதும், எந்த அளவுப்படி? அவன் தன் குடும்பத்துக்குப் போடும் நடுத்தரச் சாப்பாட்டின் அளவுப்படி! எங்கே பார்த்தாலும் நம் வீட்டுப் படிதான் நம் கையில் கொடுக்கப்படுகிறது.

ஆகவே இந்த வாரம் நாம் செய்யக் கூடியவை சில உண்டு. கடையில் வேலை செய்பவர்களின் பாஸ்போர்ட் நம் பெட்டியில் இருந்தால், ஜும்ஆவுக்கு முன் திருப்பிக் கொடுத்து விடுவோம். வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன நபிமொழிப்படி, பாக்கிச் சம்பளத்தை இன்றே எண்ணிக் கொடுப்போம். ஒரு வேளையாவது அவர்களோடு ஒரே சகனில் உட்கார்ந்து அதே சோற்றை உண்போம். அவர்கள் படுக்கும் மாடி அறையில் ஒரு பகல் பொழுது நாமும் சாய்ந்து பார்ப்போம். விசிறி ஓடுகிறதா, மழை ஒழுகுகிறதா என்பது அப்போது தெரியும். யாராவது தவறு செய்தால் நாலு பேர் முன்னால் அதட்டாமல், அருகே அழைத்து, “இதை உனக்கு ஒருவர் செய்தால் எப்படி இருக்கும் தம்பி?” என்று கேட்போம். அதற்கு முன், அதே கேள்வியை நமக்கு நாமே கேட்டுக் கொள்வோம்.

ஒரு நாள் வரும். அன்று நாமெல்லாரும் வாங்குகிற பக்கத்தில் நிற்போம். அற்பச் சரக்கைக் கையில் வைத்துக் கொண்டு, நிறைய அளந்து கொடு நாயனே, தருமமும் செய் நாயனே என்று கேட்கும் நாள் அது. அன்று நிறைந்த படியை விரும்புகிறவர்கள் இன்றே நிறைத்து அளப்போமாக.

யா அல்லாஹ்! எங்களிடமுள்ள இரண்டு படிகளையும் ஒரு படியாக்குவாயாக! நாங்கள் பட்ட கஷ்டத்தைப் பிறர் கஷ்டத்தை அறியும் கண்ணாக ஆக்குவாயாக! எங்கள் கைக்குக் கீழே இருப்பவர்களின் தாய்மாரையும் எங்கள் தாய்மாரைப் போல் எண்ணச் செய்வாயாக! அறியாமல் நாங்கள் செய்ததை, அவர்களும் மன்னித்து நீயும் மன்னிக்க அருள்வாயாக! ஆமீன், யா றப்பல் ஆலமீன்.